காப்புக் கட்டிய ஊரில் ஒரு கேபிள்

ஏழுமலையின் கடப்பாரை தலைக்கு மேலே போனது. கீழே இறங்கவில்லை.

தூக்கிய கையோடு அப்படியே நின்றார். மாரியம்மன் கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கடப்பாரையை மெதுவாக இறக்கி, ஓரமாகப் புல்மேல் படுக்கவைத்தார். பின்னாலிருந்த அவருடைய ஆட்கள் எட்டுப் பேரும் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"காப்பு கட்டிட்டாங்க மேடம். இனிமே மண்ணு மேல இரும்பு படக்கூடாது" என்றார்.

ஏழுமலை பள்ளம் தோண்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இந்த ஊர் அம்மனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைத்தான் நானும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தானும் பிள்ளைகுட்டிக்காரன் என்றும், அம்மனுக்கு ஊர் எல்லையெல்லாம் கிடையாது என்றும், மேடம் படித்தவர்கள் ஆனாலும் பார்த்துப் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் போய்ப் பீடி பற்றவைத்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தோண்டிக்கொண்டு வந்திருந்தோம். சவுக்குத் தோப்பு, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, ஏரிக்கரை எல்லாம் தாண்டியாகிவிட்டது. நான் இஞ்சினியராக இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கண்ணாடி இழைக் கேபிள் சுற்றிய பெரிய மர உருளை நடுத்தெருவில் நின்றது. அதன்மேல் இரண்டு ஆடுகள் ஏறி நின்று என்னைப் பார்த்தன.

திருவிழா பத்து நாள். பத்து நாளும் அந்த ஊரில் ஒருவரும் மண்ணைத் தோண்டமாட்டார்கள், பச்சை மரம் வெட்டமாட்டார்கள். எனக்கோ ஐந்து நாள்தான் இருந்தது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குள் இன்டர்நெட் வரவில்லையென்றால் அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விடும்.

மஞ்சள் நோட்டீஸ்

இதில் தப்பு யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான். இத்தனை வருடம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இருபது நாள் முன்பே கோயில் ஆட்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து மஞ்சள் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். நன்கொடைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கையில் இருந்ததைக் கொடுத்து, நோட்டீஸை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். முதல் வரியிலேயே காப்புக் கட்டும் நாள் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை.

நான் சிங்கப்பெருமாள் கோயிலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பெரியப்பா கோயில் கைங்கரியம். பெருமாள் உற்சவம் என்றால் எனக்குக் கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரை அத்துப்படி. அங்கே உற்சவ நாளில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மன் ஊரில் சட்டம் வேறு என்பது இஞ்சினியரிங் படிப்பில் வரவில்லை.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம், கோயில் தெருவைக் கடைசியில் தோண்டலாம் என்று சொன்னதும் நானே. கொஞ்சதூரம்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதலிலேயே தோண்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அன்றைக்கு மாலை இதைக் கேட்டுவிட்டு, விடைத்தாளில் கடைசி கேள்வியைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள் என்றார். அவர் மேல் அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம்.

ஒரு போனுக்கு இருபத்தொரு கம்பம்

போன வாரம் மாமல்லபுரத்து பிரௌசிங் சென்டரில் ஒரு மெயில் அனுப்பக் கால் மணி நேரம் ஆன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், மாமல்லபுரத்துக்கு வந்தது செய்யூர்ப் பக்கம் வர ஏன் அத்தனை வருடம் பிடித்தது என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

பதில் சுலபம். மாமல்லபுரத்தில் வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நான் வேலை பார்த்த ஊரில் (பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்) ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பிவர அரை நாள் ஆகும். கொல்லைக்கு ஒரு வீடு, தோப்புக்கு ஒரு வீடு.

தொண்ணூறுகளில் நான் அங்கே புதிதாக வந்தபோது முதல் முதலாகப் போன் கேட்டவர் முனுசாமி. மல்லாட்டையும் சவுக்கும் போடுகிற விவசாயி. அந்த அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான். வெள்ளை மீசை, சத்தமான குரல். வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கிலோமீட்டர், தோப்பின் அந்தக் கடைசி.

வழியில் வேறு வீடே கிடையாது. இருபத்தொரு கம்பம் நட்டுக் கம்பி இழுத்தோம். கணக்கு மேலிடத்துக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு, ஒரு போனுக்கு இருபத்தொரு கம்பமா, அவர் என்ன மந்திரியா என்று கேட்டார்கள். மந்திரியென்றால் ரோட்டோரம் வீடு கட்டியிருப்பார் சார் என்று சொன்னேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை.

அந்தக் கம்பிக்கு வந்த நோய்கள் கொஞ்சமா. உப்புக்காற்றில் ஜாயிண்ட் பச்சை பிடிக்கும். ஆடிக்காற்றில் சவுக்குக் கிளை விழும். மழையில் போனை எடுத்தால் தவளை பேசும். ஒருமுறை கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாரைப்பாம்பு சுருண்டிருந்தது. லைன்மேன் பெட்டியை மரியாதையாக மூடிவிட்டு, "லைன் பிஸி மேடம்" என்றார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆள் குறைந்த ஊரில் ஒவ்வொரு வீடும் ஒரு தனிப் போராட்டம். நகரத்தில் ஒரு பள்ளம் தோண்டினால் ஆயிரம் வீடு. எங்களுக்கு ஒரு வீட்டுக்கு ஆயிரம் பள்ளம்.

கலைச்செல்வியின் புதன்கிழமை

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போனபின், முனுசாமி வீட்டுக்கு மருமகளாக வந்தாள் கலைச்செல்வி. மதுராந்தகம் பக்கத்துப் பெண், பி.எஸ்ஸி. படித்தவள். கூடுவாஞ்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரத்தைப் பேசிப் பதிவு செய்வார்கள். இங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஒரு மருந்தின் பெயரைத் தப்பாகக் கேட்டாலும் ஆபத்து. கலைச்செல்வியின் காது அந்தக் கம்பெனியிலேயே பேர் வாங்கிய காது.

விடியலில் கிளம்பி, செய்யூருக்கு ஒரு பஸ், செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில். இருட்டியபின் வீடு. கல்யாணமாகி ஒரு வருடம் அப்படித்தான் போய்வந்தாள். வயிற்றில் பிள்ளை வளர வளர அது முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் அவளை விட மனமில்லாமல், பிராட்பேண்ட் வைத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள்.

சாதாரணப் போன் லைனில் ஒரு பதிவு இறங்கவே ஒரு மணி நேரம். பாதியில் அறுந்துபோனால் முதலிலிருந்து. அதனால்தான் ஊருக்குக் கண்ணாடி இழை வேண்டும், எக்ஸ்சேஞ்சில் அதற்குரிய கருவி வேண்டும். போதுமான வீடுகள் கேட்டால்தான் துறை அதெல்லாம் தரும். நிறைமாத வயிற்றோடு வெயிலில் கொல்லை கொல்லையாக நடந்து விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியது அவள்தான். பாதிப் பேர் எதற்கென்று தெரியாமலே போட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டு எப்படி மறுப்பது.

கருவி வந்து இறங்கியது. கேபிளும் வந்துகொண்டிருந்தது. கம்பெனி நாள் குறித்துவிட்டது: புதன்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டிலிருந்து ஒரு பரீட்சை. அதில் தேறினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. செவ்வாய்க்கிழமைக்குள் தந்துவிடுகிறேன் என்று நான் அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சாப்ட்டீங்களா மேடம்?" என்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முனுசாமி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் அன்று காலை கட்டிய மஞ்சள் காப்பு. மருமகளின் வேலைக்குத் தடை போடும் கயிறு தன் கையிலேயே இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கெஜம்கூட விடமாட்டேன் என்று எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை குரல் உடைந்திருந்தது.

உபயக் கம்பங்கள்

வழி கண்டுபிடித்தது கலைச்செல்வி. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மாமனாரிடம் கேட்டாள்.

"மாமா, தெருவுல சீரியல் லைட்டு கம்பம் நட்டது காப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடிதான். அந்த ஊர் வழக்கம் அது. ஒவ்வொரு வீடும் தன் தோப்பிலிருந்து ஒரு சவுக்குக் கம்பம் வெட்டி அம்மனுக்கு உபயமாகக் கொடுக்கும். காப்புக்கு முன்பே அவற்றை மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும், கோயிலைத் தாண்டி எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் வரிசையாக நட்டு, சீரியல் பல்பும் ஒலிபெருக்கியும் கட்டுவார்கள். அந்த வருடம் நாற்பத்திரண்டு கம்பம். எங்கள் பள்ளம் நின்ற இடத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச் வாசல் வரை.

நான் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளாக அந்தக் கம்பங்களுக்குக் கீழேதான் ஸ்கூட்டியில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கேபிளை அந்தக் கம்பங்களில் கட்ட முனுசாமி உடனே சரி சொல்லவில்லை. நெடுநேரம் மீசையைத் தடவினார். மண்ணைத் தொடவில்லை, மரத்தை வெட்டவில்லை, அதெல்லாம் சரிதான். ஆனால் கம்பம் கோயிலுடையது இல்லை. அம்மனுக்கென்று கொடுத்தவர்களைக் கேட்காமல் அதில் வேறொன்றைத் தொங்கவிட முடியாது.

"நாப்பத்திரண்டு வூடும் சரின்னு சொல்லணும். ஒரு வூடு கூடாதுன்னாலும் கூடாதுதான்" என்றார்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். மண்ணுக்குள் போக வேண்டிய கேபிளைத் திருவிழாக் கம்பத்தில் தற்காலிகமாகக் கட்டலாமா என்று ஆரம்பித்தேன். நல்ல மனிதர். இதை எழுத்தில் கேட்டால் நான் மறுக்க வேண்டியிருக்கும், அதனால் கேட்காதே என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பொழுது முழுக்க நானும் கலைச்செல்வியும் ஸ்கூட்டியில் சுற்றினோம். குழந்தை நடுவில். கொல்லை வரப்பு, தோப்பு மணல், ஏரி மதகு. வண்டி சிக்கினால் இறங்கித் தள்ளுவோம். ஒவ்வொரு வீட்டிலும் மோர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபந்தனை.

துபாயில் பிள்ளை இருக்கிற ஓர் அம்மா, கம்ப்யூட்டரில் மகன் முகத்தைக் காட்டினால்தான் கம்பம் என்றார். இன்னொருவர், கரண்ட் அடிக்குமா என்று கேட்டார். இதில் கரண்டே போகாது, வெளிச்சம் மட்டும் போகும் என்றேன். அப்படியென்றால் தன் கம்பத்தில் ஒரு பல்பு கூடுதலாகப் போடச் சொன்னார். போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டேன்.

சிக்கியது இருபத்தேழாவது கம்பத்திலும் இருபத்தெட்டாவது கம்பத்திலும். இரண்டும் அண்ணன் தம்பி. வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அவன் கம்பத்துலேந்து வர்றது என் கம்பத்துல ஏறக்கூடாது. எனக்கு அவன் கைல எதுவும் வேணாம்" என்றார் தம்பி. அண்ணனும் அதையே, கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி அந்தக் கம்பத்தில் தொங்கவிட்டால் என்ன என்று வாயைத் திறந்தேன். கலைச்செல்வி என் கையை அழுத்தினாள். குழந்தையைத் தம்பியின் மடியில் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கம்பத்துலேந்துதான் அவுருக்குப் போவுது சித்தப்பா. நீங்க குடுக்கறீங்க, அவுரு வாங்கிக்கறாரு. அதுல உங்களுக்கு இன்னா கொறச்சல்?"

தம்பிக்கு அது பிடித்துவிட்டது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அங்கேயும் இதையே சொன்னாள். அவருக்கும் பிடித்துவிட்டது.

வண்டியில் ஏறியதும், பொய் சொல்கிறாயே என்றேன். கேபிளில் இரண்டு பக்கமும்தானே மேடம் போகும் என்றாள். அது உண்மைதான். நாங்கள் அனுப்புவதும் அதில்தான், எங்களுக்கு வருவதும் அதில்தான். துறையில் எனக்கு இருந்த அத்தனை வருட அனுபவத்தில் அந்த விஷயத்தை அவ்வளவு உபயோகமாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

விரல் நுழைய வேண்டும்

ஞாயிறும் திங்களும் கேபிள் ஏறியது. பள்ளம் தோண்ட முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஏழுமலையின் ஆட்கள் உருளையைச் சுற்றிவிட்டார்கள். கம்பத்தில் ஏறிக் கட்டியது மைக் செட் சேகரும் அவன் தம்பிகளும். சேகருக்கு முப்பது வயசு, கழுத்தில் எப்போதும் டெஸ்டர் தொங்கும். அந்தப் பகுதியில் கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சேகர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு முனையையும் எங்கள் ஜாயிண்டர் ஒட்டி முடித்தார். எக்ஸ்சேஞ்சில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. பள்ளம் நின்ற முனையில் போதுமான வெளிச்சம் இருக்கிறது, இங்கே வந்து சேரவில்லை.

தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். மூன்றாவது கம்பத்திலேயே புரிந்துவிட்டது. சேகர் ஒயரைக் கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தான். கம்பத்தை இரண்டு சுற்று சுற்றி, சணலால் இறுக்கி முடிச்சு. காற்றுக்கு அசையக்கூடாது என்று அவ்வளவு அக்கறை. செம்புக் கம்பிக்கு அது நல்ல கட்டு. கண்ணாடி இழையை அப்படி மடக்கி நெரித்தால் வெளிச்சம் வழியிலேயே கசிந்துபோய்விடும்.

இதை அவனுக்கு விளக்கினேன். வளைவு, ஆரம், இழப்பு என்று வகுப்பே எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுபடி அதே இறுக்கத்தில் கட்டினான். மூன்று தடவை. நான் கத்தினேன். அவனும் கத்தினான்.

"லூசா கட்னா காத்துல அவுந்துகினு, ஊர்வலம் வர்றப்ப அம்மா மேல வுழும். அப்ப யாரு பதில் சொல்றது?"

கூழ்ப் பானையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கலைச்செல்வி நின்று கேட்டாள். பானையை இறக்கிவைத்தாள்.

"சேகரு அண்ணா, கொழந்தைக்கு அர்ணாக்கவுறு எப்டி கட்டுவாங்க? அவுறவும் கூடாது, இறுக்கவும் கூடாது. ஒரு வெரல் உள்ள போவணும். அப்டி கட்டு."

சேகருக்கு மூன்று பிள்ளைகள். அவன் ஏணியில் ஏறினான். சுற்றை அவிழ்த்து, சணலில் ஒரு வளையம் போட்டு, கேபிளை அதற்குள் தொங்கவிட்டு, ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தான். கீழே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நாற்பத்திரண்டு கம்பத்திலும் அவிழ்த்துக் கட்டினார்கள். கீழேயிருந்து கூழ் வாங்க வந்தவர்களெல்லாம் விரல் போகிறதா என்று கேட்டார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மீட்டரில் வெளிச்சம் வந்தது. நான் ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் அன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை, பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

பத்திலிருந்து பன்னிரண்டு

புதன்கிழமை ஒன்பது மணிக்கு கலைச்செல்வி வீட்டில் மோடத்தை வைத்தேன். அந்த இருபத்தொரு கம்பத்துப் பழைய கம்பியில், இரண்டு கிலோமீட்டர் தாண்டி, இன்டர்நெட் வந்தது. பக்கம் திறந்தது. ஒரு பதிவு இறங்க இரண்டே நிமிடம். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

கலைச்செல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பதிவை ஓடவிட்டாள். முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"கேக்கல மேடம்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு நேர் எதிரே, பம்பு செட் கூரைமேல் ஒரு ஒலிபெருக்கி. வீடுகள் தூரம் தூரமாக இருப்பதால் அந்த ஊரில் ஒலிபெருக்கிக்குக் கணக்கே கிடையாது. கடைசி வீட்டுக்கும் அம்மன் பாட்டுக் கேட்க வேண்டும். தர்மகர்த்தா வீடென்றால் எல்லாவற்றிலும் பெரியது. ஜன்னலைச் சாத்தினோம். போர்வையைத் தொங்கவிட்டோம். அவள் தலையோடு ஒரு தலையணையைக்கூட நான் பிடித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தது.

காப்புக் கட்டினால் பத்து நாளும் பகலில் பாட்டு நிற்கக்கூடாது. அது முனுசாமி போட்ட சட்டம். ஒரு வருடம் ஜெனரேட்டர் கோளாறில் கால் மணி நேரம் பாட்டு நின்றதற்கு சேகரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் அவர். அவரிடம் போய் எதைக் கேட்பது. கலைச்செல்வி கேட்கமாட்டேன் என்று தலையை அசைத்தாள். அம்மன் விஷயத்தில் மாமாவிடம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாகிவிட்டது என்றாள். முதல் முறையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

வாசலில் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முனுசாமி போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் வாசலில் நின்று கேட்டாரோ தெரியாது.

பத்து மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. பாட்டு பாதியில் நின்றது. மைக்கை யாரோ தட்டினார்கள். அப்புறம் ஊரிலிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் முனுசாமியின் குரல் வந்தது.

"பக்தகோடிகளுக்குச் சொல்லிக்கறது இன்னான்னா, என் மருமவ வூட்ல வேலைல கீறா. காதால கேட்டு எழுதற வேல. பன்னண்டு மணி வரைக்கும் பாட்டு கெடையாது, பம்பை கெடையாது. ஆரும் சத்தம் போடாதீங்க. அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்."

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு. அதுவும் நின்றது.

அந்த ஊரில் அத்தனை வருடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. சவுக்குத் தோப்பில் காற்று போவது கேட்டது. தூரத்தில் ஒரு மாடு கத்துவது கேட்டது. ஒரு வீட்டிலிருந்தும் பாத்திரச் சத்தம் வரவில்லை. உள்ளே கலைச்செல்வி டைப் அடிக்கும் சத்தம் ஆரம்பித்தது.

முனுசாமி மொபெட்டைத் தோப்பு முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். குழந்தை சிணுங்கியதும் என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்குள் தூரமாகப் போய்விட்டார். மரங்களுக்கு நடுவே அவர் வெள்ளை வேட்டி மட்டும் இரண்டு மணி நேரமும் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் என் வேலையை நான் எப்போதையும்விட அதிகமாக நேசித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போன் அடித்தது. கலைச்செல்வி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசினாள். வெளியே வந்தாள். என்னைத் தாண்டி, தோப்பு மணலில் வெறுங்காலோடு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

முனுசாமி அவள் முகத்தைப் பார்த்தார். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"நல்லா கேட்டுச்சாம்மா?" என்றார்.

"ஒரு வார்த்த வுடல மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தூங்கிவிட்ட குழந்தையை அவள் கையில் கொடுத்தார். பிறகு மொபெட்டை உதைத்துக் கிளப்பி, பாட்டைப் போடச் சொல்வதற்காகக் கோயிலுக்குப் போனார்.